எல்லைக்கல்லைத் தாண்டிய டோலி

கிரம்போ மலை, ஸாயிர்
9 அக்டோபர் 1996

அன்புள்ள அக்கா பெர்பெத்துவாவுக்கு,

உங்கள் அடுப்பு குறையில்லாமல் எரிகிறதா? மாடு கன்று போட்டதா? அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம். ஏழு மாதமாகக் கடிதம் போடாததற்கு நீங்கள் திட்டப்போவது தெரியும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

சனிக்கிழமை என் மருந்தகத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேர் என்றாலும் நடந்து வந்தவர்கள் இருவர்தான். கசெரெகா என்பவர் வடக்கே லுபேரோ பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஊரை விட்டு ஓடி வந்து சமவெளியில் ஒரு கொட்டகையில் ஆறு மாதம் இருந்திருக்கிறார்கள். அங்கேயும் குண்டு விழுந்தது. மனைவி கஹிந்தோவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே தெரிகிறது. அவளை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று நாள் மலையேறி வந்திருக்கிறார். அவருக்கே இடது கண் போய்விட்டது. எட்டு வயது மகள் மசிகாவுக்குக் கை வெந்திருக்கிறது. அந்தக் கையோடு தம்பிப் பாப்பாவை அவள்தான் சுமந்தாள். பாப்பாவுக்கு மட்டும் ஒரு கீறல் கிடையாது.

நான் இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. அப்படி ஒரு ஆள் என் வாசலில் வந்து நின்றதில்லை. "எங்க இறக்கட்டும்?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

உப்புத் தண்ணீரில் கழுவி, மூங்கில் வைத்துக் கட்டியிருக்கிறேன். இதற்கு மேல் என்னால் ஆகாது. எங்கள் டாக்டர் ஓடிப்போய் மாதமாகிறது. கீழே சாலையெல்லாம் துப்பாக்கிக்காரர்கள். அறுவை செய்ய உங்கள் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியை விட்டால் வேறு இடமில்லை. இன்னும் மூன்று வாரம் போனால் கால் போகும், அதற்குப் பிறகு ஆளும் போவாள்.

எங்கள் மலையில் வாலிபர்கள் யாரும் வீட்டில் இல்லை. டோலிக்குத் தோள் கொடுக்க எட்டுக் கிழவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்து எல்லைக்கல் வரை எப்படியாவது கொண்டுவந்து சேர்ப்பேன். கல்லிலிருந்து உங்கள் டோலிச் சங்கம் எடுத்துக்கொள்ளுமா? சங்கத்தின் காரியதரிசி நீங்கள்தானே. சந்தைக்காரி ஸபினாவிடம் பதில் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் எல்லோரையும் கடவுள் மழையிலும் வெயிலிலும் காக்கட்டும்.

தம்பி செவெரி


ருகபானோ மலை, உகாண்டா
15 அக்டோபர் 1996

தம்பி செவெரிக்கு,

அடுப்பு எரிகிறது. மாடு கிடாரி போட்டது. உன் அத்தானின் முழங்கால், வேலை சொன்னால் வலிக்கிறது, கள் என்றால் வலிப்பதில்லை. உனக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே? ஏழு மாதம் ஊமையாக இருந்துவிட்டு ஒரு குடும்பத்தையே தூக்கிக்கொண்டு வருகிறாய். உன் புத்தி எனக்குத் தெரியாதா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சங்கத்தைக் கூட்டி உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு தலைவர் பசான்யே விதியை எடுத்தார். நம் விதி உனக்கு மறந்திருக்காது. கொம்பு ஊதினால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து டோலிக்குத் தோள் கொடுக்க வேண்டும், வராதவன் ஒரு குடம் சோளக் கள் அபராதம் வைக்க வேண்டும், தூக்குவது உறுப்பினர் வீட்டு ஆளை மட்டும்.

"இன்னைக்கு ஒருத்தியத் தூக்கினா, நாளைக்கு ஸாயிர் முழுக்க நம்ம தோள்மேல ஏறி உக்காரும்" என்றார்.

"உங்க தோள்ல அவ்வளவு இடம் கிடையாது, பயப்படாதீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் விடவில்லை. "அவங்க யார் வீட்டு ஆளு? அதச் சொல்லு." கடுமையான ஆள்தான், ஆனால் கெட்டவர் இல்லை. தோள் கொடுக்காதவர்களையெல்லாம் தூக்கித் தூக்கித்தான் அவர் அப்பாவின் காலத்தில் சங்கம் உடைந்தது.

வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். 'உறுப்பினரின் அடுப்பில் சமைத்ததை உண்ட விருந்தாளி அந்த வீட்டு ஆளாகக் கருதப்படுவார்.' உண்ட என்றுதான் இருக்கிறது, எங்கே உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று இல்லை. உடனே அவரைக்கொட்டையும் சர்க்கரைவள்ளியும் போட்டு ஒரு பானை சமைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு ஸபினா அதையும் கொண்டுவருகிறாள். நான்கு பேரும் ஆளுக்கு ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். பாப்பாவுக்கு விரலால் தொட்டு நாக்கில் வை. சாப்பிட்டார்கள் என்று எழுத்தில் அனுப்பு, கூட்டத்தில் காட்ட வேண்டும்.

பானையைத் திருப்பி அனுப்ப மறக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கிரம்போ
17 அக்டோபர் 1996

அன்புள்ள அக்கா,

நலம். அனைவரின் நலத்துக்கும் வேண்டுகிறேன். எனக்கு இங்கே கை ஓயாத வேலை. அதனால் நான் சொல்லச் சொல்ல கசெரெகா வாத்தியார் எழுதுகிறார். நம் மொழி அவருக்கு வராது என்பதால் சுவாஹிலியில் இருக்கிறது.

பானை வந்தது. வழியில் கொஞ்சம் புளித்திருந்தது. நான்கு பேரும் சாப்பிட்டார்கள் என்று இதன்மூலம் சாட்சி சொல்கிறேன். விருந்தாளியாவதற்குச் சாப்பாடு வீடு தேடி வந்த கதையைச் சொன்னதும் கஹிந்தோ சிரித்தாள். இங்கே வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்முறை. இரண்டாவது கவளமும் கேட்டாள். "அந்தக்கா உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடுவாங்களோ?" என்றாள். சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

புண்ணில் வாடை வந்துவிட்டது. திங்கட்கிழமை துப்பாக்கிக்காரர்கள் மருந்தகத்துக்கு வந்து இருந்த மருந்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. இனி நாள் கடத்த முடியாது. வருகிற 26, சனிக்கிழமை, காலையில் எல்லைக்கல்லருகே டோலி வந்து சேரும். உங்கள் ஆட்கள் கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வர வேண்டாம்.

எல்லோருக்கும் என் அன்பு. மாட்டையும் கன்றையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவெரி


ருகபானோ
22 அக்டோபர் 1996

தம்பி செவெரிக்கு,

இங்கே சுகக்கேடு ஒன்றுமில்லை. சாட்சிக் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தேன். பசான்யே இரண்டுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இந்தப் பொம்பளைக்குப் படிக்கக் கத்துக் குடுத்தது யாரு?" என்று கேட்டார். சம்மதம் என்று அர்த்தம். சனிக்கிழமை முப்பது பேர் வருகிறோம். கல்லுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான், அதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார்.

உப்பு தூக்கல் என்று சொன்னவளை நேரில் பார்த்து இரண்டு கேட்க வேண்டும்.

செவெரி, எவ்வளவு வேலை இருந்தாலும் உன் கோழிக் கிளறலில் நாலு வரியாவது எழுதுவாய். அக்காவுக்குச் சந்தை மொழியில், வேறொருவர் கையால் எழுதும் அளவுக்கு என்ன வேலை? நீயும் அவர்களோடு வந்துவிடு. மருந்தே இல்லாத மருந்தகத்தில் உனக்கு என்ன வேலை இருக்கிறது?

வா. உன் கட்டில் அப்படியே இருக்கிறது.

அக்கா


ருகபானோ
29 அக்டோபர் 1996

அன்புத் தம்பி செவெரிக்கு,

நாங்கள் நலம். அந்த நான்கு பேரும் நலம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நீ தாண்டித் தாண்டிப் படிக்கிற ஆள்.

மூன்று நாளாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சங்கக் குறிப்பில் 'ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்' என்று எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நடந்தது அப்படி ஒரு வரியில் அடங்குகிற காரியமா?

காலையிலேயே கல்லருகே போய்விட்டோம். விடாத மழை. பசான்யே கல்லையொட்டிக் குச்சியால் ஒரு கோடு கிழித்து, "இதுக்கு அந்தாண்ட எவன் கால் வச்சாலும் ரெண்டு குடம்" என்றார். கீழே கூப்பிடு தூரத்தில், பாதை வளைகிற இடத்தில், ஆறு துப்பாக்கிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வியாழக்கிழமைதான் வந்தார்களாம். போகிற வருகிற ஆண்களைப் பிடித்து வைக்கிறார்கள் என்று ஸபினா சொன்னாள். உனக்குத் தெரிவிக்க வழியே இல்லை.

மதியத்துக்குப் பிறகு எதிர்ச்சரிவில் உங்கள் டோலி தெரிந்தது. பாயால் முகம் வரை மூடியிருந்தது. உயிருள்ளவர் முகத்தை இந்த மலைகளில் யாரும் மூடமாட்டார்கள், இடியே விழுந்தாலும் மூடமாட்டார்கள். பசான்யே தொப்பியைக் கழற்றினார். உன் அத்தான் சாவுக் கொம்பு ஊதினார். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். முகமே பார்த்திராத ஒருத்திக்காக அப்படி அழுவேன் என்று நான் நினைக்கவில்லை.

சாவு விழுந்த நாளில் மண்ணைக் கொத்தக் கூடாது அல்லவா. கொம்புச் சத்தம் கேட்டதும் நம் சரிவில் மண்வெட்டிகள் நின்றன. அடுத்த மலையில் கொம்பை எடுத்து ஊதினார்கள், பிறகு அதற்கடுத்த மலையில், பிறகு எல்லைக்கு அந்தப் பக்கமும். ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். அவரைக் கொடிக்குள்ளிருந்து, வாழைக்குள்ளிருந்து, சோளத்துக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். உங்கள் பக்கம் கிழவர்கள்தான் மிச்சம் என்று எழுதியிருந்தாயே, அந்த வாலிபர்கள் எங்கேயிருந்து வந்தார்கள்? மூன்று வாரமாகப் புதருக்குள் ஒளிந்திருந்தவர்களாம். துப்பாக்கிக்குப் பயந்து ஒளிந்தவர்கள் சாவு என்றதும் வெளியே வந்துவிட்டார்கள். நானூறு பேர் இருப்பார்கள், ஐந்நூறும் இருக்கலாம்.

எதிர்ச்சரிவில் தூக்கிவந்த கிழவர் ஒருவர் வழுக்கி மண்டியிட்டார். டோலி சாய்ந்தது. அதைப் பார்த்ததுதான் தாமதம், பசான்யே தான் கிழித்த கோட்டைத் தானே மிதித்துக்கொண்டு ஓடினார். நாங்கள் முப்பது பேரும் பின்னால் ஓடினோம். வளைவில் நின்ற அந்த ஆறு பேரும் இத்தனை ஜனத்தைப் பார்த்து எங்களை விட்டுவிட்டார்கள். ஆனால் நாங்கள் டோலியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது மறித்தார்கள்.

"யாரு?" என்றான் அவர்கள் தலைவன்.

"சாவு" என்றார் பசான்யே. அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்.

அந்த ஆறு பேரில் மழைக்கோட்டு போட்ட ஒருவன், முப்பது வயதிருக்கும், துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு முன்கம்புக்குத் தோள் கொடுத்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. வழியில் டோலியைக் கண்டவன் பத்தடியாவது தூக்க வேண்டும் என்பது வழக்கம், அவனும் ஏதோ ஒரு மலையில் பிறந்தவன்தானே. தலைவன் அவனைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கினான். கசெரெகாவை, கண்ணில் போட்ட கட்டு தெரியாதபடி, ஆண்கள் சுற்றிவளைத்து அழைத்துவந்தார்கள். மசிகாவைப் பெண்கள் நடுவில் இழுத்துக்கொண்டார்கள். பாப்பா என் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தான். இதையெல்லாம் ஒருவரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

கல்லைத் தொட்டதும் முகம் பார்க்கலாம் என்று பாயை விலக்கினேன். அவள் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள்.

அந்த மழைக்கோட்டுக்காரன் தோளில் அப்போதும் கம்பு இருந்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கீழே அவன் ஆட்கள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

"மூடும்மா, மழை இன்னும் விடல" என்றான். கம்பை பசான்யேயின் தோளுக்கு மாற்றிவிட்டு இறங்கிப் போனான்.

மூடியது கசெரெகாவாம். வடக்கத்தி மனிதர், நம் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? பெண்டாட்டி முகத்தில் மழை விழுகிறதே என்று போட்டிருக்கிறார். கிழவர்கள் கவனிப்பதற்குள் கொம்பு ஊதியாகிவிட்டது. அதற்குப் பிறகு பாயை எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆஸ்பத்திரி வரை நான்கு மலை. ஒவ்வொரு மலையிலும் அந்தச் சங்கத்துக்காரர்கள் வந்து தோள் மாற்றினார்கள். அவள் உயிரோடு இருப்பது அதற்குள் எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டு ஆள் என்று ஒரு மலையிலும் கேட்கவில்லை. உன் சாட்சிக் கடிதத்தைக் காட்டலாம் என்று இடுப்பில் செருகி வைத்திருந்தேன், மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. இருபது வருஷமாக இந்தச் சங்கத்துக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறேன். இவர்கள் யார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், செவெரி.

நீ ஏன் வரவில்லை? கசெரெகாவைக் கேட்டால் தரையைப் பார்க்கிறார். உடனே பதில் எழுது. நீ சாப்பிடுகிறாயா என்றும் எழுது.

அக்கா


ருகபானோ
26 நவம்பர் 1996

செவெரிக்கு,

நான் சுகமாக இல்லை, அதனால் சுகமா என்று உன்னைக் கேட்கப்போவதும் இல்லை.

நான்கு வாரமாக ஸபினாவால் எல்லையைத் தாண்ட முடியவில்லை. இதை யார் மூலமாவது அனுப்பத்தான் போகிறேன். கஹிந்தோவுக்கு இரண்டு அறுவை முடிந்தது. கால் இருக்கிறது. ஒரு விரற்கடை குட்டையாகும் என்கிறார் டாக்டர். மசிகாவின் கை விரல்கள் மடங்குகின்றன. கசெரெகா எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறார், அவர் நட்ட உருளைக்கிழங்கு வரிசை கோணல்.

நேற்று மசிகாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "செவெரி மாமா எப்ப எந்திரிப்பார்?" என்றாள்.

"ஏன், படுத்திருக்காரா?"

"அம்மாவும் அவரும் பக்கத்துப் பக்கத்துல படுத்திருந்தாங்க. துப்பாக்கிக்காரங்க மருந்துப் பெட்டிய எடுக்க வந்தப்ப மாமா குடுக்கமாட்டேன்னாரு. இடுப்புல சுட்டுட்டாங்க. ஒரு டோலிதான இருந்துச்சு. அம்மா போகட்டும்னுட்டாரு."

வேறு பெரிதாக ஒன்றும் இல்லை என்றா எழுதச் சொன்னாய்? அதை அந்த மனிதர் தன் கையால் எழுத வேண்டியிருந்ததே. பொய்யனே, பெரிய பொய்யனே. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு இரண்டு நாள் மறைத்தவன்தானே நீ.

உயிரோடு இருக்கிறாயா? அதை மட்டும் எழுது.

அக்கா


கிரம்போ
12 டிசம்பர் 1996

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கஹிந்தோவின் கால் பற்றிப் படித்துவிட்டு நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில்தான். படுத்தபடி பென்சிலில் எழுதுகிறேன், என் கோழிக் கிளறல் இன்னும் மோசமாக இருக்கும்.

குண்டு உள்ளேயே இருக்கிறது. எழுந்தால் வலது கால் நிற்கவில்லை. காய்ச்சல் வருகிறது, போகிறது. கிழவர்கள் கஞ்சி கொண்டுவருகிறார்கள். வாத்தியார் மேல் கோபப்படாதீர்கள். தானும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார், நான்தான் பிள்ளைகளைக் காட்டி விரட்டினேன். சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கினேன். சிறுபிள்ளையிடம் வாங்க மறந்துவிட்டேன்.

நீங்கள் என்ன யோசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். வளைவில் இருந்த பழைய ஆட்கள் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்கள் தூர தேசத்தார். டோலி என்றால் என்ன என்றே தெரியாதவர்கள், போன வாரம் ஒரு சவ ஊர்வலத்தையே சுட்டார்கள். அதோடு நான் ஒன்பது வருஷத்துக்கு முன்பே சங்கத்தை விட்டு வந்தவன். விதிப்படியே நான் யாரும் இல்லை. பசான்யேயிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

செவெரி


ருகபானோ
31 டிசம்பர் 1996

தம்பி,

நீ கேட்டபடியே பசான்யேயிடம் படித்துக் காட்டினேன். சங்கத்தையும் கூட்டினேன். விதிப் புத்தகத்தில் மூன்று இடத்தில் அடையாளம் வைத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று தயாராகத்தான் போனேன். ஒரு சுருட்டுப் பற்றவைக்கிற நேரத்துக்குள் கூட்டம் முடிந்துவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார்கள். துப்பாக்கிக்காரர்களைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதற்கும், "என்னைக்கு?" என்றார்கள்.

மற்ற நான்கு மலைக்கும் ஆள் போயிற்று. அங்கேயும் அதே கேள்விதானாம்.

சனிக்கிழமை, ஜனவரி நாலு. பதில் எழுதாதே, எழுதினாலும் படிக்கமாட்டேன். காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொள்.

அக்கா


மிஷன் ஆஸ்பத்திரி
2 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்கா,

நேற்று எழுந்து நின்றேன். குண்டை எடுத்து ஒரு புட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அவரைக்கொட்டை அளவுதான் இருக்கிறது. உங்களுக்கு இருமல் என்றார்கள், இஞ்சி போட்டுக் குடியுங்கள். அன்றைக்குக் கல்லுக்கு இந்தப் பக்கமே உங்களை நிறுத்திவிட்டார்கள் என்ற கோபம் இன்னும் ஆறவில்லையாம். அதனால் அங்கே நடந்ததை நானே எழுதுகிறேன்.

எத்தனையோ பேரை டோலியில் ஏற்றி அனுப்பியவன் நான். அதற்குள் படுத்தது அன்றைக்குத்தான். மல்லாந்து கிடந்தால் வானமும் முகங்களும்தான் தெரியும். முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. தெரிந்தவர்கள் குறைவு.

வளைவில் நிறுத்தினார்கள். சுவாஹிலியில், "கீழ வை, சோதிக்கணும்" என்றான் ஒருவன். உயிருள்ள ஆளை வழியில் இறக்கக்கூடாது என்று அவனுக்கு யார் சொல்வது? பசான்யே இறக்கவில்லை. துப்பாக்கியை அவர் நெஞ்சில் வைத்தான். அவர் அசையவில்லை. "என்ன எறக்கிப் போட்டுட்டுப் போங்க" என்று கத்தினேன். "டோலில கெடக்கறவனுக்குப் பேச்சு கெடையாது" என்றார்.

அப்படியே நின்றார்கள், அக்கா. முகத்தில் விழுந்த வெயில் என் காலுக்கு நகரும் வரை நின்றார்கள். ஒருவருக்குத் தோள் தளர்ந்தால் பின்னாலிருந்து ஒருவர் வந்து மாற்றிக்கொள்வார். இரண்டு பக்கத்துச் சரிவிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது. பயத்தில் அழவில்லை. மனிதர்கள் இப்படியும் இருப்பார்களா என்று வியந்து அழுதேன்.

கடைசியில் அவர்கள் தலைவன், "எவ்வளவு நேரம் இப்படியே நிப்பீங்க?" என்றான். சுவாஹிலி நன்றாக வருவது கசெரெகா வாத்தியாருக்குத்தான்.

"நாளைக்கும் ஆள் வரும்" என்றார் அவர்.

தலைவன் மலையை அண்ணாந்து பார்த்தான். அப்போதும் ஆட்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அவன் பாதையை விட்டு விலகி நின்றான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாத்தியார் என் இடது காலருகே கம்பைப் பிடித்திருந்தார். கிரம்போவிலிருந்து கல் வரை, கல்லிலிருந்து நான்கு மலை, அவர் மட்டும் தோள் மாற்றவில்லை. எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். இந்த மலைப்பக்கத்தில் தோள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லையோ என்று நினைத்து, "வாத்தியாரே, மாத்திக்குங்க" என்றேன்.

"ஒரு தடவ உங்கள விட்டுட்டுப் போயிட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் டோலியை இறக்கினார்கள். எல்லோரும் கம்பை விட்டார்கள். அவரால் விட முடியவில்லை. விரல்கள் கம்பைச் சுற்றி விறைத்துப்போயிருந்தன. கஹிந்தோ ஊன்றுகோலோடு நடந்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

உங்கள் இருமல் நின்றதும் வந்து பாருங்கள். எல்லோரும் நலம்.

தம்பி செவெரி